வயசுப் பொண்ணுன்னு நெனச்சு

முதல் செய்தி வந்தபோது ஹம்சவேணி தரையில் உட்கார்ந்து நைட்டிகளை அளவு வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முனிச்சாலையில் அவள் வீட்டு முன்னறைதான் கடை. காலையில் புதுச் சரக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். "எனக்கு அந்த ஊதா", "எக்ஸெல் இருக்கா அக்கா" என்று மதுரை முழுக்க இருந்து பெண்கள் கேட்பார்கள். தெரியாத எண்ணிலிருந்து செய்தி வருவது அவளுக்குப் புதிதல்ல.

"சாப்ட்டியா?" என்று இருந்தது.

யாரோ புது வாடிக்கை, உரிமையாகப் பேசுகிற ரகம் என்று நினைத்து, "நீங்க யாருங்க? எந்த டிசைன் வேணும்?" என்று பதில் போட்டாள்.

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. பிறகு, "டிசைனா? உன்னயப் பாத்த பெறகு வேற டிசைன் எதுக்கு?" என்று வந்தது.

"இது ராங் நம்பர்."

"நம்பர நீயே குடுத்துட்டு இப்ப ராங் நம்பரா? நடிக்காத அழகு."

ஹம்சவேணிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சில்லறை குறைத்துக் கொடுக்கிற கண்டக்டரிலிருந்து, வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுப் போகிற பக்கத்து வீட்டு மாப்பிள்ளைவரை யாரையும் கேட்காமல் விட்டவள் இல்லை. உடனே அந்த எண்ணுக்கு அழைத்தாள்.

"யாருப்பா நீ? இது என் நம்பர்."

எதிர்ப்பக்கம் பணிவான இளம் குரல். "வணக்கம் ஆன்ட்டி. போன அவகிட்டயே குடுங்களேன்."

"எவகிட்ட?"

"சரி ஆன்ட்டி, கோவமா இருக்கீங்க. அப்பறம் பேசுறேன்." வைத்துவிட்டான். அடுத்த நிமிடமே செய்தி வந்தது. "அம்மாகிட்ட மாட்டிக்கிட்டியா? பயப்படாத. நான் பாத்துக்கிறேன்."

அவள் தன் முகத்தையே படம் எடுத்து அனுப்பினாள். கண்ணாடி, நரைத்த வகிடு, பின்னால் நைட்டிக் குவியல். 'இதுதான் நான். பாத்துக்க' என்று எழுதினாள்.

"உங்கம்மா போட்டோவ எதுக்கு அனுப்புற? நல்லாத்தான் இருக்காங்க."

அவள் கணவர் ராதாகிருஷ்ணன் ஜவுளிக்கடையில் காசாளர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் போனை நீட்டிக் காட்டி, தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தாள். தமிழில் திட்டினால் தெருவுக்கே புரிந்துவிடும் என்பதால் மட்டும்தான்.

"பிளாக் பண்ணிட்டுச் சோத்தப் போடு" என்றார் அவர்.

பிளாக் செய்தாள். மறுநாளே வேறு எண்ணிலிருந்து வந்தான். "பிளாக் பண்ணா விட்ருவனா?" அதையும் பிளாக் செய்தாள். இன்னொன்றிலிருந்து வந்தான். வியாபார எண் என்பதால் போனை அணைத்துவைக்கவும் முடியவில்லை. யாராவது அளவு கேட்டால்கூட அவனாக இருக்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறக்க வேண்டியிருந்தது.

செய்திகள் மாறத் தொடங்கின. "இன்னைக்கு ஏன் பூ வைக்கல?" "அவனியாபுரத்துல ஷேர் ஆட்டோவுல அந்தக் கெழவன் பக்கத்துல உக்காந்திருந்தியே, தள்ளி உக்கார மாட்டியா?" "உங்க கடைக்கு எதிர்த்த டீக்கடையிலதான் தெனமும் இருக்கேன். ஒரு தடவ திரும்பிப் பாத்தா கொறைஞ்சா போயிருவ?"

பிறகு ஒரு படம் வந்தது. பேருந்து நிறுத்தத்தில், பச்சைச் சுடிதாரில், தோளில் பையோடு ஒரு பெண் நிற்கிறாள். பின்னாலிருந்து எடுத்தது. அவள் கழுத்தில் வியர்வையில் ஒட்டிய முடிகூடத் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் நின்று எடுத்திருக்கிறான். அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஹம்சவேணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவரை அவளுக்கு வந்த கோபமெல்லாம் தன் போனுக்காக வந்தது. எவனோ ஒருவன் ஒரு பெண்ணை நாள் முழுக்கப் பின்தொடர்கிறான், அதை ஒரு விவரம் விடாமல் சொல்கிறான், ஆனால் சொல்வதெல்லாம் முனிச்சாலையில் நைட்டி விற்கிற தன்னிடம் வந்து விழுகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த தெருவில் இருந்த ஷரீபாவிடம் போனாள். ஹம்சவேணி விற்கும் நைட்டிகளைத் தைத்துக் கொடுப்பவள் ஷரீபா. படத்தைப் பார்த்ததும் மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"யா அல்லாஹ்! ஹம்சாக்கா, இத வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. போலீசுக்குப் போவோம்."

போனார்கள். மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அம்மா செய்திகளைத் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"இதுல உங்களுக்கு என்னம்மா பாதிப்பு? அவன் அந்தப் பொண்ணுக்கு அனுப்புறான். அவ யாருன்னே உங்களுக்குத் தெரியாது. அவள அப்பா அம்மாவோட வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க பேசாம நம்பர மாத்திருங்க."

"என் நம்பர நான் எதுக்கு மேடம் மாத்தணும்? கடைக்காரி நானு. அவனக் கூப்பிட்டுக் கேட்டா ஆகாதா?"

"இருக்கிற கேசுக்கே ஆள் இல்லம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் அவர்.

வெளியே வந்து, வேப்பமரத்தடியில் ஹம்சவேணி செருப்பை ஓங்கித் தட்டி மாட்டினாள். "உனக்கு என்ன பாதிப்புன்னு கேக்குது, பாத்தியா ஷரீபா?"

அந்தப் பெண்ணைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அவனே சொல்லியிருந்தான். "நயனம் ஆப்டிகல்ஸ் போர்டப் பாத்தாலே எனக்கு நெஞ்சு அடிக்குது" என்று முந்தின நாள்தான் எழுதியிருந்தான். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புறம், ஒரு வரிசைக் கடைகளுக்கு நடுவில் அந்தக் கண்ணாடிக் கடை இருந்தது. மறுநாள் மத்தியானம் இருவரும் அங்கே போனார்கள்.

கவுன்ட்டரில் நின்ற பெண் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் அழகுமீனா என்று இருந்தது. இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும். "பவர் செக் பண்ணணுமாம்மா?" என்று சிரித்தாள். ஹம்சவேணி போனை எடுத்து அந்தப் பச்சைச் சுடிதார் படத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் இல்லம்மா" என்றாள்.

"உன் பைதான அங்க தொங்குது?"

அவள் கடைக்குள் திரும்பிப் பார்த்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கண் பரிசோதனை செய்யும் சிறு அறைக்குள் அவர்களை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

தன் எண்ணுக்கு வந்த செய்திகளை ஹம்சவேணி காட்டியதும், அவன் பெயர் தங்கப்பாண்டி என்றாள். ஒரு பைக் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். கூலிங் கிளாஸ் வாங்க வந்தவன், பிறகு தினமும் வந்தான். நம்பர் கொடு என்று நச்சரித்தான். ஒருநாள் நிறுத்தத்தில் வழியை மறித்து, தந்தால்தான் விடுவேன் என்று நின்றான். தன் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டு ஓடிவந்து ஆட்டோவில் ஏறிவிட்டாள். அது யாருடைய எண் என்று அவள் யோசிக்கவில்லை.

"வீட்ல சொன்னியா?"

"எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா மொதல்ல என் வேலையத்தான் நிறுத்துவாகம்மா. அவன ஒண்ணும் செய்ய மாட்டாக. நீ என்னத்தக் காட்டிச் சிரிச்சன்னு என்னயத்தான் கேப்பாக. இந்தக் கண்ணு செக் பண்ற படிப்பு படிக்கவே எம்புட்டு சண்ட போட்டேன் தெரியுமா?" அழகுமீனா கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க பிளாக் மட்டும் பண்ணாதீங்கம்மா. அதுல எதையாச்சும் அனுப்பிக்கிட்டே கெடக்கான். அதனாலதான் நேர்ல வந்து மறிக்காம இருக்கான்."

ஹம்சவேணிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"அப்ப நான் உனக்குக் குப்பத்தொட்டியா? அவன் கொட்டுறதெல்லாம் நான் வாங்கிக்கிட்டே இருக்கணும், நீ நிம்மதியா இருப்ப. அப்படித்தான?"

"அப்படி இல்லம்மா..."

"வேற எப்படி? வாயத் தொறந்து ஒரு தடவ சத்தம் போட்ருந்தா அங்க நின்னவன் நாலு பேர் கேட்ருப்பான். அத விட்டுட்டு ஊர்ல எவ நம்பரயோ எடுத்துக் குடுத்திருக்க!"

அழகுமீனா அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஹம்சவேணி கதவைத் தள்ளிக்கொண்டு கடையைக் கடந்து வெளியே வந்தாள். படியில் நின்று திரும்பி, "பொட்டப்புள்ளன்னா வாயி வேணும்!" என்று வீதிக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பும் பேருந்தில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஷரீபா சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன, பேச மாட்டேங்கிற?"

"என்னத்தப் பேச? அந்தப் புள்ளயத் திட்டிட்டு வந்துட்டீங்க. அவ என்னக்கா செய்வா? சத்தம் போட்ருக்கணும்ங்கிறீங்க. போலீஸ் ஸ்டேஷன்ல நீங்க போட்டீங்களே, எவ கேட்டா?"

ஹம்சவேணி வாயைத் திறப்பதற்குள் போன் அதிர்ந்தது. அவன்தான்.

"கடைக்கு வந்த ரெண்டு பொம்பளைங்க யாரு? இங்கேருந்து மூஞ்சி தெரியல. உன்னய எதுக்குத் திட்டிட்டுப் போறாங்க? சொல்லு. எந்த ஏரியான்னு மட்டும் சொல்லு. நான் கேக்குறேன்."

அவள் அதை ஷரீபாவிடம் நீட்டினாள். ஷரீபா படித்துவிட்டு நிமிர்ந்தபோது ஹம்சவேணி ஏற்கனவே எழுந்து கம்பியைப் பிடித்திருந்தாள்.

"கண்டக்டர்! நிப்பாட்டுங்க!"

கே.கே. நகர் வளைவுக்குப் பக்கத்தில் இறங்கி, எதிர்ச்சாரிக்கு ஓடி, ஷேர் ஆட்டோவில் ஏறி மறுபடி மாட்டுத்தாவணிக்கே வந்தார்கள். வழி நெடுக அவளுக்கு அதே நினைப்புதான். அவன் எதிர் டீக்கடையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் போகிறானாம். யாரிடமிருந்து? ஹம்சவேணியிடமிருந்து!

டீக்கடையில் மத்தியானக் கூட்டம். பஸ் டிரைவர்கள், பார்சல் ஏற்றுகிறவர்கள், பூ மார்க்கெட்டில் வேலை முடித்து வந்தவர்கள். ஹம்சவேணி உள்ளே போய் நடுவில் நின்று, அந்த எண்ணுக்கு அழைப்பு கொடுத்தாள். மூலை பெஞ்சில் ஒரு போன் பாடியது. அதை எடுத்துத் திரையைப் பார்த்தவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அழகுமீனா தானாகவே கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டான்.

"ஹலோ, அழகு..."

"அழகு இல்ல. நிமிந்து பாரு."

தேய்த்த சட்டை, ஷோரூம் பெயர்ப்பட்டை, படிய வாரிய தலை. பார்த்தால் எந்த வீட்டிலும் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். அவன் மெல்ல எழுந்தான்.

"ஆன்ட்டி, இது பெர்சனல் மேட்டர். வெளிய போயிப் பேசுவோம்."

"என் போனுக்கு அனுப்பும்போது பெர்சனல்னு தெரியலயா?" அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவன் எழுதியதை உரக்கப் படித்தாள். 'திரும்பிப் பாத்தா கொறைஞ்சா போயிருவ' என்பதைப் படித்தாள். 'பிளாக் பண்ணா விட்ருவனா' என்பதைப் படித்தாள். பெயர் வருகிற இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டுப் படித்தாள். அந்தப் பெண்ணின் படத்தைக் காட்டவில்லை. "இதெல்லாம் எனக்கு வந்துச்சு. முனிச்சாலையில நைட்டி விக்கிறவ நான். என் வயசு அம்பத்திரெண்டு."

டம்ளர்கள் நின்றன. பிறகு எவனோ ஒருவன், "மாப்ள, ஆன்ட்டிக்கேவா ரூட்டு?" என்றான். கடை சிரித்தது.

ஹம்சவேணி அந்தப் பக்கம் திரும்பினாள். "எவன்டா அவன்? எந்திரி. என்ன சிரிப்பு? உங்காத்தா போனுக்கு இது வந்தாலும் இப்படித்தான் பல்லக் காட்டுவியா?"

சிரித்தவன் எழவில்லை. கடைக்காரர் நல்லகாமன் மட்டும் டீயை ஆற்றியபடி, "யம்மா, யாவாரம் நடக்குற எடத்துல சத்தம் வேணாம்" என்றார்.

"அண்ணே, இவன் தெனமும் இங்கன உக்காந்து எதிர்க்கடையப் பாத்துக்கிட்டே இருக்கான். அது உங்களுக்குத் தெரியாதா? அப்ப யாவாரம் நல்லா நடந்துச்சோ?"

அவர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கப்பாண்டியின் காது சிவந்திருந்தது. கண்ணில் நீர் முட்டியது. "நம்பர அவதான் ஆன்ட்டி குடுத்தா. புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? நான் விட்ருப்பேன். ஏமாத்திட்டா."

"விட்ருப்பியா? ராங் நம்பர்னு நான் எத்தன தடவ சொன்னேன்? போன் பண்ணிச் சொன்னேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். நம்பினியா? ராங் நம்பர்னு சொன்னதையே காதுல போட்டுக்காதவன், புடிக்கலன்னு ஒருத்தி சொன்னா கேட்ருப்பியாக்கும்?"

ஷரீபா இதற்குள் முன்னால் வந்து அவன் பெயர்ப்பட்டையைப் போனில் படம் எடுத்துவிட்டாள். அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அங்கிருந்து இருவரும் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். எஸ்.ஐ. அம்மா அவர்களைப் பார்த்ததும், "அந்தப் பொண்ணக் கூட்டியாந்தீங்களா?" என்றார்.

"எந்தப் பொண்ணு? பாதிக்கப்பட்டவ நான்தான் மேடம். என் நம்பருக்கு, என் போனுக்கு, வேணாம்னு சொன்ன பெறகும் அனுப்பியிருக்கான். எழுதிக்கிருங்க."

எஸ்.ஐ. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசுல உங்களுக்கு ஒருத்தன் தொந்தரவு பண்றான்னு..."

"வயசுக்குத் தகுந்த மாதிரி தனித்தனியா சட்டம் இருக்கா மேடம்? இருந்தா சொல்லுங்க, போயிர்றேன்."

மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டனுப்ப, தங்கப்பாண்டி தன் தாயுடன் அங்கே வந்தான். தாய் சோணையம்மாள் வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். ஹம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, உங்க கால்ல வேணாலும் விழுறேன். எம்புள்ள நல்லவன். வயசானவுகன்னு தெரிஞ்சிருந்தா இப்படியெல்லாம் அனுப்பியிருக்க மாட்டான். வயசுப் பொண்ணுன்னு நெனச்சு அனுப்பிட்டான்."

ஹம்சவேணி கையை உருவிக்கொண்டாள்.

"வயசுப் பொண்ணுன்னா அனுப்பலாமா?"

சோணையம்மாளுக்குக் கேள்வி புரியவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். எஸ்.ஐ. அம்மா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். முந்தின நாள் இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"போன எடு" என்றார் அவனிடம்.

அவன் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஆட்டோவில், நிறுத்தத்தில், கடைக் கண்ணாடி வழியாக, கோயில் வாசலில். எல்லாவற்றிலும் அதே பெண். எஸ்.ஐ. அம்மா நிமிர்ந்து ஹம்சவேணியைப் பார்த்தார். இது யார் என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் தானே அழித்தார். இனி அந்தக் கடைப் பக்கமோ, அவனியாபுரம் நிறுத்தத்திலோ, இந்த அம்மாவின் எண்ணிலோ அவன் தலை தெரிந்தால் நேரே ரிமாண்ட் என்று சொல்லி எழுதி வாங்கினார். ஷோரூம் மேலாளரையும் போனில் பிடித்து, வேலை நேரத்தில் இவன் எங்கே போகிறான் என்று கேட்டார்.

இதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால், செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஹம்சவேணிக்கு எவனோ லவ் மெசேஜ் அனுப்பினானாம், அவள் டீக்கடையில் போய்ச் சண்டை போட்டாளாம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து சில பெண்கள் சத்தமில்லாமல் விலகிப்போனார்கள். சாயங்காலம் கொழுந்தன் ராஜகுரு அண்ணனுக்குப் போன் செய்தான்.

"அண்ணி பேரு ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கே அண்ணா. நம்ம சனம் என்ன பேசும்? நம்பர மாத்தச் சொல்லுங்க. வெளிய தல காட்ட முடியல."

ராதாகிருஷ்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொதுவாகத் தம்பி சொன்னால் சரி என்றுதான் சொல்வார். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"பக்கத்துலதான் நிக்கிறா. போனக் குடுக்கவா? நீயே சொல்லிரு."

ராஜகுரு வைத்துவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் ஹம்சவேணி தனியாக மாட்டுத்தாவணிக்குப் போனாள். அழகுமீனா அவளைப் பார்த்ததும் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தாள்.

"உங்களுக்குக் கெட்ட பேராயிருச்சேம்மா. டீக்கடையில பேசிக்கிட்டாங்க. என்னாலதான..."

"உன்னால என்ன? அனுப்பினவன் அவன், சிரிச்சவன் எல்லாம் அவனுங்க. நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற?" என்றாள் ஹம்சவேணி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கு உன்னய அப்படிப் பேசியிருக்கக் கூடாது. கோவத்துல ஆள் தெரியாமப் பேசிட்டேன்."

"பரவாயில்லம்மா."

"பரவாயில்லன்னு சொல்லாத. தப்பு என் பேர்ல இருக்கு."

அழகுமீனா சிரித்தாள். அவன் அதற்குப் பிறகு வரவில்லை என்றாள். வீட்டில் இன்னும் எதுவும் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறேன் என்றாள்.

"அது உன் இஷ்டம்" என்றாள் ஹம்சவேணி. "சொல்லி, உங்கண்ணன் வேலைய விடச் சொன்னா என்னயக் கூப்பிடு. நான் வாரேன். அவன்கிட்டயும் கேக்க வேண்டியது இருக்கு."

வழியனுப்ப அழகுமீனா கடைப் படிவரை வந்தாள். வெயில் முகத்தில் அடிக்க, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, சாலையை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "இங்கன வந்து நின்னு எம்புட்டு நாளாச்சு தெரியுமாம்மா? மத்தியானமானா உள்ளயேதான் கெடப்பேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தை ஹம்சவேணியை விடவில்லை. வேலை செய்கிற கடையின் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவ்வளவுதான். அதற்கு இத்தனை பேர் வாயில் விழுந்து எழ வேண்டியிருந்தது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு மறுபடியும் ஆத்திரமாக வந்தது. டிக்கெட் கேட்டு நின்ற கண்டக்டரை அவள் முறைத்த முறைப்பில், அவர் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.